பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: எழுதி முடித்த புரோகிராமைப் பின்னால் கட்டி மேய்ப்பது. முப்பது வருடம் அந்த வேலையைத்தான் பார்த்தேன் என்பதால் எனக்கும் குஷி. ஒரு வார்த்தை முன்கூட்டியே. ஆபீஸில் எல்லோரும் ‘கோட்’ என்றுதான் சொல்கிறோம். எழுதும்போது அதோடு ‘ஐ’ சேர்த்தால் ‘கோடை’ ஆகி வெயில் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. அதனால் இங்கே நிரல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் கிளையன்ட் மாதாமாதம் விஷுவல் ஸ்டுடியோ (நிரல் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் மென்பொருள்) காட்டும் ‘மெயின்டெய்னபிலிட்டி இண்டெக்ஸ்’ எண்ணை, அதாவது நிரலைப் பராமரிப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கான மதிப்பெண்ணை, கேட்கிறார். எங்கள் புராஜெக்ட் முழுக்கப் பச்சை, சராசரி 71. ஆனாலும் ஒரு சின்ன மாற்றம் கேட்டால் என் டீமுக்கு மூன்று நாள் ஆகிறது. எண் பொய்யா, டீம் சோம்பேறியா?
– ஒரு டீம் லீட், சோழிங்கநல்லூர்

டீமைத் திட்ட வேண்டாம். முதலில் அந்த எண் எந்த ஊர்க்காரர் என்று விசாரிப்போம்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பால் ஓமன், ஜாக் ஹேகமெய்ஸ்டர் என்ற இருவர் கிளப்பிவிட்டது இது. ஹியூலெட்-பேக்கார்டில் ஓடிக்கொண்டிருந்த சில புரோகிராம்களை எடுத்தார்கள். அவற்றோடு மல்லுக்கட்டிய என்ஜினீயர்களிடம் “இது பராமரிக்கச் சுலபமா, கஷ்டமா?” என்று மதிப்பெண் வாங்கினார்கள். அந்த மதிப்பெண்களோடு ஒத்துப்போகும்படி ஒரு சூத்திரத்தைப் பொருத்தினார்கள். சி, பாஸ்கல் காலத்து நிரல்கள். சூத்திரம் இப்படி: 171இல் தொடங்குங்கள். ஹால்ஸ்டெட் வால்யூம் என்று ஒன்று உண்டு. நிரலில் எத்தனை சொல், எத்தனை குறி என்று எண்ணி வரும் கனம். அதன் இயல் மடக்கையை 5.2ஆல் பெருக்கிக் கழியுங்கள். ‘இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது’ என்று பாதை பிரியும் இடங்களின் கணக்கை 0.23ஆல் பெருக்கிக் கழியுங்கள். வரிகளின் எண்ணிக்கைக்கு இயல் மடக்கை எடுத்து 16.2ஆல் பெருக்கி அதையும் கழியுங்கள். இன்னொரு வடிவத்தில் கமென்ட், அதாவது படிப்பவருக்காக நிரலுக்குள் எழுதி வைக்கும் குறிப்புகளின், சதவீதத்தை சைனுக்குள் போட்டுக் கூட்டுவார்கள். ஆமாம், பள்ளிக்கூடத்தில் முக்கோணத்துக்குப் படித்த அதே சைன்தான். மைக்ரோசாஃப்ட் கமென்டை விட்டுவிட்டு, மீதியை 0 முதல் 100 வரை வருகிற மாதிரி சுருக்கியது. 20இலிருந்து மேலே பச்சை, 10 முதல் 19 வரை மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு.

இப்போது ஒரு கொடூரமான ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலைக்கென்று பெயர் வைத்துப் பிரித்த நிரல் துண்டை, கற்பனை செய்துகொள்ளுங்கள். 200 வரி. கிளைக் கணக்கு 40. ஹால்ஸ்டெட் வால்யூம் 8,000. யாராவது ரிவ்யூவுக்கு அனுப்பினால் நான் காபி குடிக்க எழுந்து போய்விடுவேன். சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 17 வருகிறது. சிவப்புகூட இல்லை, மஞ்சள்! இன்னொரு வேடிக்கை: ஒரு ஃபங்ஷனில் கிளைகளை 10இலிருந்து 20 ஆக்கினால் அந்த 171இல் குறைவது 2.3 மட்டும். வரிகளை இரட்டிப்பாக்கினாலோ, வரிக் கணக்கில் மட்டுமே 11க்கு மேல் போய்விடும். அதாவது இந்த எண்ணின் கண்ணுக்கு நீளம்தான் பெரும் குற்றம். சிக்கல் சில்லறைக் குற்றம். 71 என்ற உங்கள் சராசரி, நீங்கள் குட்டிக் குட்டி ஃபங்ஷன்களாக எழுதுகிறீர்கள் என்பதைச் சொல்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் உங்கள் மூன்று நாள் அங்கே போகவில்லை.

எங்கே போகிறது என்று நான் ஊகிப்பதைச் சொல்கிறேன். ஒரு இன்ஷூரன்ஸ் புராஜெக்ட்டில் இருந்தேன். வாடிக்கையாளர் விவரத்தில் இரண்டாவது போன் நம்பர் ஒன்று சேர்க்க வேண்டும், அவ்வளவே. 23 கோப்புகளைத் தொட்டேன். திரை, அதைச் சரிபார்க்கும் கோப்பு, அதை இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் கோப்பு, அந்த வடிவத்தைத் திரும்பப் பழைய வடிவத்துக்கு மாற்றும் கோப்பு, இப்படியே டேட்டாபேஸ் வரைக்கும். ஒவ்வொன்றும் நாற்பது வரிக்குள், தேங்காய்ப் பத்தை மாதிரி சுத்தமாக இருந்தது. எதை அளந்தாலும் பச்சை. சூத்திரம் ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனியே நிறுத்தி எடை போடுகிறது. யார் யார் கையை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதன் தராசில் ஏறாது.

ஆகவே கிளையன்டுக்கு 71ஐ அனுப்பிவிட்டு, உங்களுக்காக வேறொன்றை அளங்கள். கடைசியாக முடித்த இருபது மாற்றங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கோப்பு மாறியது, எந்தெந்தக் கோப்புகள் ஜோடி ஜோடியாகவே மாறுகின்றன என்று எழுதுங்கள். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் ‘கிட்’ (Git) கருவியின் வரலாற்றிலேயே எல்லாம் கிடைக்கும். எப்போதும் சேர்ந்தே மாறுகிற இரண்டு கோப்பு தூரதூர ஃபோல்டர்களில் உட்கார்ந்திருந்தால், உங்கள் மூன்று நாளில் ஒரு நாள் அங்கே இருக்கிறது.

ஒரு ஃபங்ஷன் எத்தனை வரி இருக்கலாம்?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி ஞாபகம் இருந்தால் சரி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது டெர்மினல் திரையில் 24 வரிதான் தெரியும். அதற்குள் முடிக்காவிட்டால் சீனியர் முறைப்பார். இப்போது பிள்ளைகள் மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள். முறைக்கவும் ஆள் இல்லை.

எங்கள் கம்பெனியில் சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டி 10க்கு மேல் போனால் கமிட்டே ஏறாது, அதாவது மாற்றத்தைப் பதியவே விடாது. என் ஃபங்ஷன் 23 காட்டியது. ‘கணக்கு பகுதி-1’, ‘பகுதி-2’, ‘பகுதி-3’ என்று வெட்டினேன். ஏறிவிட்டது. ஆனால் மனசு உறுத்துகிறது.
– புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், நாகர்கோவில்

உறுத்துகிறதே, அதுவே பாதி தேர்ச்சி.

இந்தக் கணக்கைக் கொடுத்தவர் தாமஸ் மெக்கேப். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இருந்தபோது 1976இல் கட்டுரையாக வெளியிட்டார். பாதை பிரியும் இடங்களை எண்ணி ஒன்று கூட்டினால் வருவதுதான் எண். 10 என்ற வரம்பும் அவர் சொன்னதே. ஆனால் அதே இடத்தில், இது நியாயமான எல்லை, மந்திர எண் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். ‘இந்த மதிப்பு வந்தால் இதைச் செய்’ என்று வரிசையாகத் தனித்தனி ‘கேஸ்’கள் அடுக்கியிருந்தால் விட்டுவிடலாம் என்று விதிவிலக்கும் வைத்தார். அந்த விதிவிலக்கு உங்கள் கமிட் காவலாளியிடம் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

உங்கள் நிரல் என்னிடம் இல்லை. அதனால் எல்லார் வீட்டுக்கும் வரும் கணக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்: கரண்ட் பில். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் 200, 400 என்று எல்லைகள். 500ஐத் தாண்டினால் தட்டு வரிசையே வேறு. மேலே 600, 800, 1000 என்று ஏறும்.

முதல் முறை, ‘இஃப்’ ஏணி. 500க்கு மேலா என்று ஒரு கேள்வி. கீழே இருப்பவர்களுக்கு 100, 200, 400 என்று மூன்று. மேலே இருப்பவர்களுக்கு 600, 800, 1000 என்று மூன்று. ஆக ஏழு, ஒன்று கூட்டினால் எட்டு.

இரண்டாவது முறை, நீங்கள் செய்தது. தலைமை ஃபங்ஷனில் ஒரு கேள்வி, அதன் எண் 2. பகுதி-1க்கு 4, பகுதி-2க்கு 4. எதுவும் நான்கைத் தாண்டவில்லை, கருவி வாயை மூடிக்கொள்ளும். ஆனால் கூட்டிப் பாருங்கள், எட்டு பத்தாகியிருக்கிறது. கட்டணம் மாறினால் படிக்க வேண்டிய இடம் ஒன்றிலிருந்து மூன்றாகியிருக்கிறது.

மூன்றாவது முறை, அட்டவணை. 500க்குள் இருப்பவர்களுக்கு ஒன்று, தாண்டியவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு வரியிலும் ‘இத்தனை யூனிட் வரை, இந்த விலை’ என்று இரண்டே எண். ஃபங்ஷன் எந்த அட்டவணை என்று பார்க்கிறது, வரிவரியாகச் சுற்றுகிறது, இந்தத் தட்டில் விழ யூனிட் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறது. மூன்று, ஒன்று கூட்டினால் நான்கு.

பார்த்தீர்களா, வெட்டியதற்கும் 4, அட்டவணைக்கும் 4. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 2022இல் விலை மட்டும் மாறவில்லை, எல்லைகளும் இடம் மாறின. அன்று ஏணி வைத்திருந்தவர் ஏணியைக் கழற்றி மறுபடி அடித்திருப்பார். அட்டவணைக்காரர் சில எண்களை மாற்றிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

அட்டவணையிலும் ஒரு பொறி இருக்கிறது. சிக்கல் எங்கேயும் ஆவியாகவில்லை. நிரலிலிருந்து எண்களுக்குக் குடிபோயிருக்கிறது. 800 என்பதை யாராவது 80 என்று அடித்துவிட்டால் காம்ப்ளெக்ஸிட்டி அப்போதும் 4தான். அதனால் ஒவ்வொரு எல்லைக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று டெஸ்ட், அதாவது விடை சரியா என்று பார்க்கும் குட்டி நிரல், எழுதுங்கள். 500க்கும் 501க்கும் கட்டாயம். ஒரே யூனிட்டில் தொகை குதிக்கிற இடம் அது.

‘பகுதி-1’ என்ற பெயரையாவது இன்றைக்கே மாற்றுங்கள். அது ஒரு வேலையின் பெயர் இல்லை, கத்தி விழுந்த இடத்தின் பெயர்.

பனியன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க நான் ஒருவனே. சம்பளம், பீஸ் ரேட், ஷிஃப்ட் எல்லாம் விபி 6 (விஷுவல் பேசிக் என்ற பழைய நிரல் மொழி) கொண்டு இருபது வருடம் முன்பு ஒருவர் எழுதியது. அவர் இப்போது தொடர்பில் இல்லை. டெஸ்ட் எதுவும் கிடையாது. ஒன்றைத் தொட்டால் வேறொன்று உடைகிறது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதிவிடலாமா என்று முதலாளி கேட்கிறார்.
– திருப்பூர் வாசகர்

முதலாளியிடம் “ஆறு மாதம் கழித்துப் பேசலாம் அண்ணே” என்று சொல்லிவையுங்கள்.

புதிதாக எழுதுவதைப் பற்றிய பழைய கதை நெட்ஸ்கேப்புடையது. 1997இல் அவர்களுடைய பிரவுசரின் 4ஆம் பதிப்பு வந்தது. பழைய நிரல் சரிப்படாது என்று பெரும்பகுதியை முதலிலிருந்து எழுதப் போனார்கள். 5ஆம் பதிப்பு வரவே இல்லை. 6ஆம் பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையை வாரிச் சுருட்டிக்கொண்டது. உங்களுக்கு மைக்ரோசாஃப்ட் போட்டி இல்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் சம்பளம் போட்டாக வேண்டும், அதற்கு மைக்ரோசாஃப்ட்டே தேவலை.

என் சொந்த அவமானம் ஒன்று. 1993, கோவையில் ஒரு மில். வாரக் கூலி புரோகிராமைப் பராமரிக்க என்னைப் போட்டார்கள். எழுதியிருந்தது கோபாலில் (COBOL என்ற பழைய நிரல் மொழி, ஆள் பெயர் இல்லை). தொழிலாளிக்கு வரவேண்டிய தொகையைக் கீழ்நோக்கி முழு ரூபாயாக்கும் ஒரு வரி. அதற்கு நாற்பது வரி தள்ளி, மிச்சப் பைசாவை எங்கேயோ ஒரு தற்காலிக இடத்தில் கொண்டுபோய் வைக்கும் இன்னொரு வரி. அந்த இடத்தை வேறு யாருமே எடுத்துப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. குப்பை என்று முடிவு செய்து அழித்தேன். பெருமையோடு, கேளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை கேஷியர் மாமா சீட்டுக் கட்டோடு வந்து நின்றார். கவுன்டரில் சில்லறைத் தட்டுப்பாடு என்பதால் முழு ரூபாயாகக் கொடுத்துவிட்டு, பைசாவை அடுத்த வாரக் கூலியோடு சேர்த்துவிடுவது அந்த மில்லின் வழக்கம். நான் அழித்த இடத்திலிருந்துதான் வாரத் தொடக்கத்தில் ஓடும் வேறொரு புரோகிராம் அந்தப் பைசாக்களை எடுத்துக்கொண்டிருந்தது. அறுபது பைசா எங்கே என்று கேட்டு ஒரு பெண் தொழிலாளி ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் கேட்டது சரி.

உங்கள் இருபது வருடத்து நிரலில் இப்படி எத்தனை அறுபது பைசா இருக்கிறதோ! அதையெல்லாம் யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். புதிதாக எழுதினால் ஒவ்வொன்றாகச் சனிக்கிழமை சாயங்காலம் கண்டுபிடிப்பீர்கள்.

என்ன செய்யலாம்? உங்கள் மெஷினில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல்-2’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்று ஜிப் கோப்புகள் கிடக்கும், பார்க்காமலே சொல்வேன். தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு கமிட்டாக கிட்டில் ஏற்றுங்கள். வரலாறு கிடைத்துவிட்டது. அப்புறம் எந்தக் கோப்பு எத்தனை முறை மாறியது என்று எண்ணி, பக்கத்திலேயே அதன் வரி எண்ணிக்கையையும் எழுதுங்கள். இரண்டும் பெரிதாக இருக்கிற கோப்புகள் சொற்பமாகத்தான் தேறும். உங்கள் தலைவலி அங்கேதான். பத்து வருடமாக யாரும் தொடாத கோப்பு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அதற்கு உங்கள் உதவி தேவையில்லை.

தலைவலிக் கோப்புகளில் கை வைப்பதற்கு முன்னால் டெஸ்ட். ‘சரியான விடை’ என்ன என்று மண்டையை உடைக்காதீர்கள். கடந்த ஒரு வருடத்து வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் கையில் இருக்கிறதே. பழைய பதிவைக் கொடுத்தால் பழைய சீட்டு ஒரு பைசா மாறாமல் வருகிறதா? அதுதான் டெஸ்ட். அரை ஷிஃப்டுக்கு ஏதோ கோக்குமாக்காகக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்தாலும், இப்போதைக்கு அந்தக் கோக்குமாக்கையே எதிர்பார்க்கும் விடையாகப் பதியுங்கள். தப்பா, வழக்கமா என்று சூப்பர்வைசரிடம் கேட்ட பிறகு மாற்றலாம். இப்படி மூன்று கோப்பு முடிவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். அப்போதும் முதலாளி கேட்டால் பதில் உங்களிடமே இருக்கும்.

இப்போது பயன்படாத நிரலை அழிக்காமல் வைத்திருப்பது நல்லதுதானே? என்றைக்காவது தேவைப்படலாம்.
– வாசகி, மதுரை

பழைய நியூஸ்பேப்பர் என்றால் கிலோ கணக்கிலாவது போடலாம். இதற்கு அதுவும் இல்லை.

நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்தில் ‘பவர் பெக்’ என்று ஒரு வசதி இருந்தது. 2003இல் பயன்பாட்டை நிறுத்தினார்கள், நிரலை அழிக்கவில்லை. 2005இல் அதைச் சுற்றியிருந்த ஒரு கணக்கை இடம் மாற்றினார்கள். ஆர்டர் நிறைந்துவிட்டதா என்று பார்த்து நிறுத்துகிற கணக்கு அது. பவர் பெக்கை யார் பயன்படுத்துகிறார்கள் என்று அதை மறுபடி டெஸ்ட் செய்யவில்லை. 2012இல் புதிய வசதி ஒன்றுக்கு, பழைய பவர் பெக்கின் சுவிட்சையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புதிய நிரல் போனது. ஒன்றில் ஏற்ற மறந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், அந்த எட்டாவது சர்வரில் ஒன்பது வருடம் தூங்கிய பவர் பெக் எழுந்து, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஆர்டர் போட ஆரம்பித்தது. பதற்றத்தில் மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்தார்கள். இப்போது எட்டிலும் பவர் பெக்! 45 நிமிடம். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டே நிறுவனம் வேறொன்றோடு இணைந்துவிட்டது.

அழியுங்கள் அம்மா. கிட்டில் பிரதி இருக்கும்.

என் மகன் சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். சேர்ந்ததிலிருந்து யாரோ எழுதிய பழைய புரோகிராமைப் பார்க்கிற வேலையே கொடுக்கிறார்களாம். ‘மெயின்டனன்ஸில் மாட்டிக்கொண்டேன்’ என்று சலித்துக்கொள்கிறான். அவ்வளவு மட்டமான வேலையா அது?
– ஓர் அம்மா, கும்பகோணம்

நானும் அதையே பார்த்து ரிட்டையர் ஆனவள். இரண்டு பெண்களைக் கரையேற்றியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் கோபத்தோடு பதில் சொல்கிறேன்.

1980இல் லியென்ட்ஸ், ஸ்வான்சன் என்று இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 487 நிறுவனங்களில் கேட்டு ஒரு புத்தகம் போட்டார்கள். பராமரிப்பு என்று சொல்லி ஆட்கள் செலவழிக்கும் நேரத்தில், பிழை திருத்தப் போவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் என்று வந்தது. மீதியில் பெரும்பகுதி, பயன்படுத்துகிறவர்கள் புதிதாகக் கேட்பதைச் சேர்ப்பதும், மாறுகிற ஊர் நடப்புக்கு ஏற்ப மாற்றுவதும். அதாவது உங்கள் பிள்ளை ஒழுகுகிற குழாயை மட்டும் அடைக்கவில்லை. ஆள் குடியிருக்கும்போதே வீட்டில் மாடி எடுக்கிறான்.

அவன் சலிப்பும் நியாயம்தான். எழுதினவரிடம் கேட்க முடியாத வீட்டில் மாடி எடுப்பது லேசில்லை. ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, அந்தப் புரோகிராமில் தான் பார்க்கிற ஒரு துண்டு என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் எல்லாம் “ஏன்டா?” என்று கேளுங்கள். சில இடத்தில் கடகடவென்று சொல்வான். ஏதோ ஒரு இடத்தில் “அது வந்தும்மா…” என்று இழுப்பான். இழுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு போய், திங்கட்கிழமை அந்த ஃபங்ஷனுக்கு முதலில் ஒரு நல்ல பெயர் வைக்கட்டும்.